31க்கு முன்

மே 3, 2025 சனி
31ஆம் திகதி நான் போக முன் பூனைக்குட்டி நாலுக்கும் வீடு பிடிக்க வேண்டும். சமையலறைத் தராசில் சட்டியை வைத்து ஒவ்வொன்றாய் நிறுத்தேன். செவலை 760 கிராம். கறுப்பி 610தான், அதுவும் சட்டிக்குள் நின்றால்தானே. வருகிற சனிக்கிழமையோடு எட்டு வாரம். அதுவரை தாய் ராணியிடமே இருக்கட்டும்.

மே 4
போன். “வெள்ளைக் குட்டி இருக்கா?” இல்லை என்றேன். வைத்துவிட்டார்.

மே 5
கொழும்பு, புறக்கோட்டை அரிசிக்கடைக்காரர். எலி பிடிக்க வேணுமாம். மரியாதையாகத்தான் கதைத்தார். கடையில் எலி மருந்தும் வைப்பீர்களா என்றேன். “வைக்காமல்?” மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் அதே கதிதான் என்று விளங்கப்படுத்தினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப ரெண்டாத் தாங்கோ பிள்ளை, ஒண்டு போனாலும் ஒண்டு மிஞ்சும்” என்றார்.

மே 6
வாக்குப் போட்டுவிட்டு வந்தேன். கறுப்பி மை விரலை முகர்ந்து தும்மியது.

மே 8
தெஹிவளைப் பெண், ஐந்தாம் மாடி. பல்கனிக்கு வலை அடித்திருக்கிறீர்களா என்றதும் சிரித்தாள். “பூனை விழுந்தாலும் காலிலதானே அக்கா நிக்கும்.” நிற்கும். நின்ற காலும் முறியும், தாடையும் உடையும். போன வருடம் எங்கள் தொடர்மாடியின் பின்பக்கம் நான்தான் ஒன்றைத் துவாயில் சுற்றித் தூக்கினேன். அந்தத் துவாயை இன்னும் எறியவில்லை. ஏன் என்று தெரியாது. என்ன சாப்பாடு கொடுப்பீர்கள் என்றால் எல்லாரும் பால் என்கிறார்கள். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றால் போகும் என்றால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். நான் அதிகம் கேட்கிறேனாம். பெண் பார்க்கிற வீட்டில் இதைவிடக் கேட்பார்கள்.

சாமான் கட்ட அட்டைப்பெட்டி இன்னும் ஏழு வேண்டும்.

மே 10
செவலையும் புள்ளியும் சோடியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போயின. ஓய்வுபெற்ற டீச்சர். நான் கேட்க முதல் அவரே கேட்டார்: தடுப்பூசி எப்போது, பூச்சி மருந்து கொடுத்தாச்சா, தாய்க்குக் கருத்தடை? கடைசிக் கேள்விக்குத் திணறினேன். பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்பட்டுவிடும், இரண்டு மாதத்தில் அடுத்த ஈற்று. எனக்குத் தெரியாததா? ஆட்டோவில் திரும்பும்போதே மிருக வைத்தியரிடம் நாள் எடுத்தேன்.

மே 12, வெசாக்
வெசாக் விளக்குக் கூட்டின் காகித வாலைக் கறுப்பி கிழித்துவிட்டது. ஒருவர் போனில் யோசனை சொன்னார்: “விகாரையில விட்டிடுங்கோ, அங்க சோறு போடுவினம்.” அங்கே எத்தனை பேர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அவற்றில் எத்தனை காலிக்குப் போகும் வீதியைக் கடந்து உயிரோடு இருக்கின்றன என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நல்ல நாள்.

மே 14
ராணிக்கு ஆபரேஷன் முடிந்தது. காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. அதைக் கழற்ற நினைத்துப் பின்னாலேயே நடக்கிறாள், சுவர் முட்டும்வரை.

மே 17
சாம்பல் போய்விட்டது. பல்கனி வலையை வீடியோவில் காட்டிய பிறகுதான் கொடுத்தேன். இரவு பதினொன்றுக்குப் போன்: “கட்டிலுக்குக் கீழ இருந்து வருகுதில்லை.” இழுக்காதீர்கள், மண் தட்டையும் சாப்பாட்டையும் அதே அறையில் வைத்துவிட்டுப் படுங்கள் என்றேன். எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

மே 19
கறுப்பி 850. கறுப்பு வீட்டுக்கு ஆகாதாம். இன்று மட்டும் இரண்டு பேர்.

ராணி குளியலறை வாசலில் நின்று கூப்பிடுகிறாள். உள்ளே ஒன்றும் இல்லை.

மே 21
டீச்சர் எடுத்தார். செவலை திரைச்சீலையில் ஏறுகிறதாம், கறுப்பியையும் கொண்டுவரச் சொன்னார். அப்புறம், “நீங்கள் போன பிறகு தாய் எங்க இருக்கும்?”

போனில் சார்ஜ் இல்லை, பிறகு எடுக்கிறேன் என்றேன்.