கணிதக் கட்டுரை ஆய்விதழுக்குப் போகும் முன்: லேடெக் கோப்பில் எங்கெங்கே உடையும்

கணித உரையை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் எழுதிய கட்டுரை நம் திரையில் அழகாகத் தெரிவது ஒன்று, ஆய்விதழின் கைக்குப் போன பிறகும் அப்படியே நிற்பது இன்னொன்று. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் தன் கிளாஸ் கோப்பை ஆய்விதழ் போட்டதும் வரியகலம் மாறும், எழுத்துரு மாறும், எண்ணிடும் முறைகூட மாறும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பதிப்பகத்தின் அச்சுக்கோப்பாளர்கள் மூலக்கோப்பை எடுத்துத் தங்கள் முறைக்கு இன்னொரு தடவை மாற்றுவார்கள். இத்தனை மாற்றத்திலும் உடைவது பெரும்பாலும் தோற்றத்தைக் கையால் இழுத்துப் பிடித்துவைத்த இடங்கள்தான். ‘இது தேற்றம்’, ‘இது சார்பின் பெயர்’, ‘இது அந்தச் சமன்பாட்டைச் சுட்டுகிறது’ என்று மூலத்தில் எழுதியிருந்தால் எந்தக் கிளாஸிலும் தாங்கும். ‘இங்கே தடித்த எழுத்து, இங்கே கொஞ்சம் இடைவெளி’ என்று எழுதியிருந்தால் தாங்காது.

முதல் சமர்ப்பிப்புக்கே ஆய்விதழின் கிளாஸுக்கு மாற்றப் பாடுபட வேண்டியதில்லை. தெளிவாகப் படிக்கக்கூடிய பிடிஎஃப் எதுவானாலும் போதும் என்று பல கணித ஆய்விதழ்கள் ஏற்கின்றன. ஆசிரியர்களுக்கான வழிமுறைப் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஏஎம்எஸ்ஆர்ட் கிளாஸில் எழுதுவது நல்லது. தலைப்பு, ஆசிரியர், முகவரி, பொருள் வகைப்பாட்டு எண், திறவுச்சொற்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிக் கட்டளை இருப்பதால், பிறகு வேறு கிளாஸுக்கு மாற்றுவது சுலபம். அந்த எண்ணுக்குக் கணிதப் பொருள் வகைப்பாட்டின் 2020 பதிப்பையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு குறியீடும் ஐந்து எழுத்து நீளம், முதல் இரண்டு இலக்கங்கள் துறையைச் சொல்லும்: 05 சேர்வியல், 11 எண் கோட்பாடு. கட்டுரை யாரிடம் மதிப்பாய்வுக்குப் போகலாம் என்று ஆசிரியர் குழு யோசிக்கும்போது இதையும் பார்க்கும். கடைசி நிமிடத்தில் தோராயமாக ஒன்றைப் போட்டுவிடாதீர்கள்.

முகப்புப் பகுதியில், அதாவது ஆவணம் தொடங்கும் முன் பேக்கேஜ்களும் சொந்தக் கட்டளைகளும் இருக்கும் இடத்தில், தேவையானதை மட்டும் வையுங்கள். பழைய கட்டுரையிலிருந்து முப்பது பேக்கேஜ்களை அப்படியே ஒட்டினால் கிளாஸ் மாற்றும் நாளில் மோதல் வரும். எல்ஸேவியர் பதிப்பகத்தின் கிளாஸ், மேற்கோள்களைக் கையாளும் நாட்பிப் பேக்கேஜைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதோடு அதே வேலைக்கான சைட் பேக்கேஜையும் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகாது. சில கிளாஸ்கள் தேற்றம், நிரூபணம் ஆகிய சூழல்களைத் தாமே வரையறுத்து வைத்திருக்கும். நம் வரையறையும் சேர்ந்தால் ‘ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது’ என்று கம்பைல் நின்றுவிடும். வரிசையும் முக்கியம்: சூத்திரங்களுக்கான ஏஎம்எஸ்மேத் முன்னால், சொடுக்கும் இணைப்புகளுக்கான ஹைப்பர்ரெஃப் ஏறக்குறைய கடைசியில், எண்களைச் சுட்ட உதவும் கிளெவர்ரெஃப் அதற்கும் பின்னால். இந்த வரிசை மாறினால் எண் தவறாக வரும், அல்லது இணைப்பைச் சொடுக்கினால் வேறு இடத்துக்குப் போகும்.

சொந்தக் கட்டளைகளில் அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து ஒன்று உண்டு. டெஃப் கட்டளையால் எழுதும் வரையறை, அதே பெயரில் முன்பே இருப்பதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். மேல் அரைத்தளத்தைக் குறிக்க பேக்ஸ்லாஷ் எச் என்று ஒரு சுருக்கம் வைத்தீர்கள் என்று கொள்வோம். லேடெக்கில் அது ஹங்கேரிய மொழியின் இரட்டைக் கோட்டு உச்சரிப்புக் குறிக்கான கட்டளை. கணிதவியலர் பால் ஏர்டிஷ் (Erdős) பெயரின் ஓ எழுத்துக்கு மேல் வருவது அந்தக் குறிதான். கட்டுரையின் உடலில் எல்லாம் சரியாக வரும். நூற்பட்டியலில் அவர் பெயர் வந்ததும் ‘கணித நிலையில் மட்டுமே அனுமதி’ என்பதுபோன்ற பிழை எழும். காரணம் அறுபது பக்கத்துக்கு முன்னால் கிடக்கும் ஒரு வரி. திசையன்களுக்கு பேக்ஸ்லாஷ் வி வைத்தால் செக் (Čech) என்ற பெயரின் தலைக்குறி போகும், பேக்ஸ்லாஷ் எல் பெரிய எழுத்தில் வைத்தால் போலந்துப் பெயர்கள் உடையும். எப்போதும் நியூகமாண்ட் கட்டளையையே பயன்படுத்துங்கள். பெயர் ஏற்கெனவே இருந்தால் அது உடனே நிறுத்திச் சொல்லிவிடும். ஏர்டிஷ் பெயருக்கு இரண்டு புள்ளி போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது ஜெர்மன் மொழியின் குறி.

இனி சூத்திரங்கள். பெரும்பாலான வேலை இங்கேதான். சைன், லாக் போன்றவற்றுக்குக் கட்டளை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரேங்க், ஸ்பான், ஆட் போன்ற பெயர்களை வெறும் எழுத்தாகத் தட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணித நிலையில் அப்படித் தட்டினால் அவை சாய்வெழுத்து மாறிகளின் பெருக்கலாக அச்சாகும். டிக்ளேர் மேத் ஆபரேட்டர் கட்டளையால் முகப்பிலேயே ஒருமுறை அறிவித்துவிட்டால் நேரெழுத்தும் வரும், பக்கத்தில் வர வேண்டிய சிறிய இடைவெளியும் தானாக வரும். மேத்ஆர்எம் கட்டளையில் எழுத்து நேராகும், இடைவெளி கிடைக்காது.

தனிமதிப்புக் கோட்டை எடுத்துக்கொள்வோம். விசைப்பலகையில் இருக்கும் நெட்டுக்கோட்டைத் தட்டி உள்ளே −எக்ஸ் போட்டால், லேடெக்குக்கு அடியில் ஓடும் டெக் நிரல் அந்தக் கோட்டைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கழித்தல் குறியை இரண்டு பொருள்களுக்கு நடுவே நிற்கும் செயலாகப் புரிந்துகொண்டு இருபக்கமும் இடம் விடும். அச்சில் ஏதோ ஒன்றிலிருந்து எக்ஸைக் கழிப்பதுபோலத் தெரியும். எல்வெர்ட், ஆர்வெர்ட் கட்டளைகளைப் பயன்படுத்தினால் இடது, வலது என்று டெக்குக்குத் தெரிகிறது, இடைவெளி சரியாகிறது. இரட்டைக் கோட்டு நெறிமத்துக்கும் இப்படித்தான். கணக் குறியீட்டில் ‘எதற்கெனில்’ என்ற பொருளில் வரும் கோட்டுக்கு மிட் கட்டளை. சார்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதும்போது வரும் முக்காற்புள்ளிக்குக் கோலன் கட்டளை. கோண அடைப்புக்குச் சிறியது–பெரியது குறிகளைப் போடாதீர்கள், லாங்கிள், ராங்கிள் இருக்கின்றன.

லெஃப்ட், ரைட் கட்டளைகளை எல்லா அடைப்புக்குறிக்கும் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதற்கு மூன்று விலை கொடுக்க வேண்டியிருக்கும். சார்பின் பெயருக்கும் அடைப்புக்கும் நடுவே தேவையில்லாத இடைவெளி விழும். கூட்டுக்குறியின் மேலெல்லை, கீழெல்லை அளவுக்கெல்லாம் அடைப்பு நீண்டு பூதாகரமாகும். வரிக்குள் வரும் சூத்திரமானால் அந்த அடைப்புக்குள் டெக்கால் வரியை உடைக்கவே முடியாது. பெரிதாக்க வேண்டிய இடத்தில் பிக்எல், பிக்ஆர் இணையைக் கையால் போடுவதே பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

ஈக்யூஎன்அர்ரே சூழலை முழுதாகக் கைவிடுங்கள். சமக்குறியின் இருபக்கமும் அது மிகையான இடம் விடும், சமன்பாடு நீண்டால் எண்ணின் மேலேயே ஏறி அச்சாகும். அடுக்கிவைக்க அலைன், ஒரே நீண்ட சூத்திரத்தை உடைக்க மல்டிலைன், ஒரே எண்ணின் கீழ் பல வரி வேண்டுமானால் ஈக்வேஷனுக்குள் ஸ்பிளிட். உடைக்கும்போது சமக்குறி, கூட்டல் குறி ஆகியவற்றுக்கு முன்னால் உடையுங்கள். அடுத்த வரி அந்தக் குறியோடு தொடங்கட்டும். இரட்டை டாலர் குறியும் லேடெக்குக்கு உரியதல்ல. இடப்பக்கமாகச் சூத்திரங்களை ஒழுங்கு செய்யும் விருப்பத்தை அது மதிக்காது, நிரூபணம் முடியும் சதுரமும் சரியான இடத்தில் வராது. பேக்ஸ்லாஷ் சதுர அடைப்பே சரி. நிரூபணம் ஒரு சூத்திரத்தில் முடிந்தால் அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே கியூஇடிஹியர் போடுங்கள், இல்லாவிட்டால் சதுரம் தனி வரியில் அநாதையாக நிற்கும்.

இன்னொன்று, தனி வரியில் நிற்கும் காட்சிச் சூத்திரத்துக்கு முன்னால் மூலத்தில் வெற்று வரி விடாதீர்கள். வெற்று வரி என்றால் டெக்குக்குப் பத்தி முடிந்தது என்று அர்த்தம். சூத்திரத்துக்கு மேலே இடைவெளி கூடும், முந்தைய வாக்கியம் ஒரு பக்கத்திலும் சூத்திரம் அடுத்த பக்கத்திலும் போகவும் வாய்ப்பு உண்டு. பின்னால் வெற்று வரி விட்டால், ‘இங்கு’ என்று தொடரும் வாக்கியம் புதுப் பத்திபோல உள்தள்ளி நிற்கும். சூத்திரமும் வாக்கியத்தின் பகுதிதான். அதன் முடிவில் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வர வேண்டும்.

வரியகலம் மாறும்போது நடப்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஏஎம்எஸ்ஆர்ட்டின் வரி 360 பாயிண்ட், ஏறத்தாழ 12.7 செ.மீ. பத்துப் பாயிண்ட் ஆர்ட்டிக்கிள் கிளாஸில் அது 345 பாயிண்ட். ஒரு பக்கத்தில் இரண்டு நெடுவரிசை வைக்கும் ஆய்விதழில் இன்னும் மிகக் குறுகும். விளிம்பைக் கையால் அகட்டிவைத்து எழுதிய நீண்ட சூத்திரங்கள் அங்கே வலப்பக்கம் வெளியே தொங்கும். கம்பைல் செய்யும்போது உருவாகும் லாக் கோப்பில் ‘ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்’ என்று தேடினால் எத்தனை பாயிண்ட் வெளியே போயிருக்கிறது, எந்த வரியில் என்று தெரியும். ஒரு பாயிண்ட்டுக்குள் என்றால் கண்ணுக்குப் படாது. பத்தைத் தாண்டினால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள், அல்லது சூத்திரத்தை வெளியே எடுத்துக் காட்சியாக்குங்கள். கிளாஸுக்கு டிராஃப்ட் விருப்பம் கொடுத்தால் அந்த வரிகளின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். படங்களும் மறைந்து வெறும் கட்டமாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

எண்களைக் கையால் எழுதவே கூடாது. ‘தேற்றம் 3.2’ என்று தட்டிவைத்த ஓர் இடம் போதும்; ரெஃபரி, அதாவது கட்டுரையை மதிப்பாய்வு செய்பவர், ஒரு துணைத்தேற்றத்தை முன்னால் சேர்க்கச் சொன்னதும் அது பொய்யாகிவிடும். தேற்றம், துணைத்தேற்றம், கிளைத்தேற்றம், வரையறை எல்லாவற்றுக்கும் ஒரே எண்வரிசை கொடுங்கள். தேற்றம் 2.3-க்கு அடுத்து துணைத்தேற்றம் 2.4 என்று வந்தால் வாசகர் தேடுவது எளிது. தனித்தனி வரிசையில் தேற்றம் 2.1, துணைத்தேற்றம் 2.1 என்று ஒரே எண் இரண்டு இடத்தில் வரும். சமன்பாட்டுக்கு ஈக்யூரெஃப் பயன்படுத்துங்கள், அடைப்புக்குறி தானாக நேரெழுத்தில் வரும். படத்தில் லேபிள் கட்டளை கேப்ஷனுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் பட எண்ணுக்குப் பதிலாகப் பிரிவின் எண் அச்சாகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

நூற்பட்டியலைத் தயாரிக்கும் பிப்டெக் நிரலுக்கான பதிவுகளைக் கண்ட இடத்திலிருந்து நகலெடுக்காமல் கணித நூல்விவரத் தளங்களான மேத்சைநெட் அல்லது 2021 முதல் இலவசமாகத் திறந்திருக்கும் இசட்பிமேத் ஓப்பனிலிருந்து எடுங்கள். இதழ்ப் பெயர்ச் சுருக்கங்கள் அங்கே சீராக இருக்கும். பல பாணிகள் கட்டுரைத் தலைப்பில் முதல் எழுத்தைத் தவிர மற்றதைச் சிறிய எழுத்தாக்கிவிடும், ரீமான் என்ற பெயரும் அதில் மாட்டும். அந்தச் சொல்லை முழுதாக நெளிவு அடைப்புக்குள் வைத்தால் தப்பிக்கும். ஆசிரியர் பெயர்களுக்கு நடுவே ‘அண்ட்’ என்ற சொல்தான் வர வேண்டும், காற்புள்ளி போட்டால் இருவரை ஒருவராக்கிவிடும். இருவர் பெயர் இணைந்த கோஷி–ஷ்வார்ட்ஸ் போன்றவற்றுக்கு இணைப்புக்கோட்டை இரண்டு முறை தட்டுங்கள். ஒற்றைக் கோடு ஒரே ஆளின் இரட்டைப் பெயருக்கு உரியது. ஒரு நூலை மேற்கோள் காட்டும்போது தேற்ற எண்ணையோ பக்கத்தையோ சைட் கட்டளையின் சதுர அடைப்பில் கொடுங்கள். நானூறு பக்க நூலை வெறுமனே சுட்டுவது ரெஃபரிக்குச் செய்யும் கொடுமை.

படங்கள் லேடெக்குக்குள்ளேயே வரையும் டிக்ஸ் பேக்கேஜிலோ வெக்டர் பிடிஎஃப்பிலோ இருக்கட்டும். படத்துக்குள் இருக்கும் குறிகள் உடலின் எழுத்துருவிலேயே வர வேண்டும். கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம்; பெரிய எழுத்து, சிறிய எழுத்து துல்லியமாக ஒத்துப்போகட்டும். விண்டோஸில் ஓடிய கட்டுரை லினக்ஸ் சர்வரில் ‘படம் இல்லை’ என்று நிற்பதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

அனுப்பும் முன் துணைக் கோப்புகளை அழித்துவிட்டு, ஒரு காலிக் கோப்புறையில் மூலக்கோப்பு, படங்கள், பிப்டெக் உருவாக்கிய நூற்பட்டியலான பிபிஎல் கோப்பு மட்டும் வைத்துக் கம்பைல் செய்து பாருங்கள். அந்த பிபிஎல் கோப்பு உருவாக, அதற்கு முன் உங்கள் சொந்தக் கோப்புறையில் லேடெக், பிப்டெக், மறுபடி லேடெக் இரண்டு தடவை என்ற வரிசையில் ஓட்டியிருக்க வேண்டும். லேடெக்எம்கே கருவி இந்த வரிசையைத் தானே செய்துவிடும். எண் கிடைக்காத சுட்டலைக் காட்டும் இரட்டைக் கேள்விக்குறியைப் பிடிஎஃப்பில் தேடுங்கள், ஒரே லேபிள் இரண்டு இடத்தில் இருப்பதைச் சொல்லும் ‘மல்டிப்ளி டிஃபைன்ட்’ என்பதை லாக்கில் தேடுங்கள். முன்பதிப்புகளுக்கான ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றினால் மூலக்கோப்பை யாரும் இறக்கிக்கொள்ளலாம். சதவீதக் குறிக்குப் பின்னால் சக ஆசிரியருக்கு எழுதிய குறிப்புகளும், கைவிட்ட நிரூபணங்களும் அதோடு போகும். அவற்றை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

திருத்திய வடிவத்தை அனுப்பும்போது லேடெக்டிஃப் கருவி பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு வண்ணத்தில் காட்டும் பிடிஎஃப்பைத் தரும். பெரிய சமன்பாடுகளுக்குள் அது தடுமாறினால், சமன்பாட்டை முழுதாக மாறியதாகக் காட்டும் விருப்பத்தைக் கொடுங்கள்.

கடைசியாக, பதிப்பகம் அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் மெய்ப்பு. பெரும்பாலும் சில நாள்தான் அவகாசம் தருவார்கள். உரையைவிடச் சூத்திரங்களை முதலில் பாருங்கள். உங்கள் பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு குறியாக ஒப்பிடுங்கள். மாற்றும்போது அதிகம் கெடுபவை: நியூ எழுத்து வி ஆவது, எப்சிலான் ‘உறுப்பு’ குறியாவது, கையெழுத்து வடிவ எழுத்து சாதாரண எழுத்தாவது, மேலேயுள்ள சிறிய பிரைம் காணாமல் போவது, உடைத்த வரிகள் வேறு இடத்தில் உடைந்து பெருக்கல் தொலைவது. திருத்தத்தைப் பக்க எண், வரி எண், ‘இப்படி இருக்கிறது, இப்படி வேண்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் பதிப்பகம் கேட்டிருக்கும் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும், ‘மாற்றம் இல்லை’ என்றாவது, பதில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.