ஏரி உளையில் ஏ.டி.வி.: வேலூர்ப் பக்கத்தில் வாங்க நினைப்பவர்களுக்கு

பங்குனி, சித்திரையில் ஏரித் தண்ணீர் வற்ற வற்ற மீன் குத்தகை எடுத்தவர்களுக்கு வேலை சூடுபிடிக்கும். தண்ணீர் விளிம்புக்கும் சரக்கு வண்டி நிற்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் தரைதான் சிக்கல். மேலே வெடித்துக் காய்ந்த பொருக்கு, கீழே உளை, அதாவது கால் புதையும் சேறு. லோடு வண்டி இறங்காது, டிராக்டர் இறங்கினால் அச்சு வரை போகும். காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரி என்றால் தலைச்சுமைக்கே பாதி நாள் போய்விடும். இந்த இடத்துக்கு, எந்தத் தரையிலும் ஓடும் நாலு சக்கர வண்டியான ஏ.டி.வி. வாங்கலாமா, வாங்கினால் மற்ற மாதங்களில் தோப்பு வேலைக்கும் ஆகுமா என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆகும். ஆனால் சிசி, குதிரைத்திறன் என்று தொடங்கினால் தப்பான வண்டிதான் வீட்டுக்கு வரும். தரை எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குளிர்நாட்டு ஏரிகளிலும் ஏ.டி.வி. ஓடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் கனடாவிலும் உறைந்த ஏரிமேல் இதை ஓட்டிப்போய், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். ஆள் நடக்கக் குறைந்தது 4 அங்குலப் பனி, ஏ.டி.வி.க்கு 7 அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, போகப் போகத் துளைத்துப் பார்த்தே முன்னேறுவார்கள். நம் ஏரிப் பொருக்குக்கும் அதே ஒழுங்கு பொருந்தும். துளைபோடும் கருவிக்குப் பதில் கடப்பாரை.

கணக்கைப் பாருங்கள். காற்று குறைந்த டயர் தரையை அழுத்தும் அளவு, ஏறத்தாழ உள்ளே இருக்கும் காற்றழுத்தம்தான். ஏ.டி.வி. டயருக்கு 5 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்கு 0.35 கிலோ. ஒற்றைக் காலில் எடை ஊன்றி நடக்கும் ஆளின் பாதமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் அழுத்தும். 24 ஹெச்பி மினி டிராக்டரின் பின் டயரில் 15 பிஎஸ்ஐ இருந்தால் அழுத்தம் மூன்று மடங்கு. ஃபோர் வீல் டிரைவாக இருந்தாலும் உளையில் டிராக்டர் தோற்பது இதனால்தான்.

ஆகவே வண்டி இறங்கும் முன் வெறுங்காலோடு அந்தத் தடத்தை நடந்து பாருங்கள். குதிகால் இரண்டு விரல்கடை அழுந்தினால் போகலாம். கணுக்கால் புதைந்தால் வண்டி அங்கேயே நிற்கட்டும். பத்து அடிக்கு ஒருமுறை கடப்பாரையை ஊன்றிப் பாருங்கள், தன் எடையிலேயே ஒரு முழம் இறங்கினால் வேறு தடம் தேடுங்கள். போன தடத்திலேயே திரும்பி வராதீர்கள். பொருக்கு ஒருமுறை உடைந்தால் இரண்டாம் முறை தாங்காது.

அடுத்தது சுமை. வெயில் காலத்தில் மீனுக்கு எடைக்கு எடை ஐஸ் வேண்டும். 200 கிலோ கட்லா, ரோகு என்றால் 200 கிலோ ஐஸ். பெட்டி எடையும் சேர்த்தால் 400 கிலோவைத் தாண்டும். ஏ.டி.வி.யின் முன் தட்டு சுமார் 40 கிலோ, பின் தட்டு சுமார் 80 கிலோ தாங்கும், அவ்வளவுதான். மீதி பின்னால் இழுத்துத்தான் வர வேண்டும். வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில். "அரை டன் இழுக்கும்" என்று கடையில் சொல்வது கட்டாந்தரைக் கணக்கு.

உளையில் உருளும் எதிர்ப்பு எடையில் கால்வாசி வரை வரும். ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து 500 கிலோ என்றால் அதை நகர்த்த 125 கிலோ இழுவை வேண்டும். ஓட்டுநரோடு 450 கிலோ இருக்கும் வண்டிக்கு அந்தத் தரையில் கிடைக்கும் பிடி 200 கிலோவைத் தாண்டாது. அதில் தன்னையே நகர்த்திக்கொள்ள 110 போய்விடும். மிச்சம் 90. வண்டி நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். 400 சிசிக்குப் பதில் 800 சிசி வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. பிடி டயருக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிறது, எஞ்சினில் இல்லை. நம் வேலைக்கு 400 முதல் 570 சிசி தாராளம்.

சாதாரண ட்ரெய்லரில் இன்னொரு கோளாறு: ஒல்லியான ஸ்கூட்டர் சக்கரமோ ஆட்டோ சக்கரமோ போட்டிருப்பார்கள். வண்டி தப்பித்த இடத்தில் ட்ரெய்லர் புதையும். ட்ரெய்லர்தான் வேண்டுமென்றால் அதற்கும் ஏ.டி.வி. அகலத்தில் டயர் போடுங்கள். சுமையில் பத்தில் ஒரு பங்கு கொக்கிமேல் இறங்கும்படி பெட்டிகளை அடுக்குங்கள். பின்பாரம் அதிகமானால் கொக்கி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும், பிடி போய்விடும்.

சேற்றுக்கு என் முதல் தேர்வு ட்ரெய்லரே அல்ல, சறுக்குத் தொட்டி. பனி ஏரிக்காரர்களும் அதைத்தான் இழுக்கிறார்கள். நம் ஊர்ப் பரம்புப் பலகை சேற்றில் வழுக்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 8 மி.மீ. கனமுள்ள ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) தகடு, அகலம் 3 அடி, நீளம் 7 அடி. முன்பக்கம் ஒரு அடியைச் சூடுகாட்டி மேல்நோக்கி வளையுங்கள். மேலே இரும்புச் சட்டம் போட்டு, போல்ட் தலைகளைக் கீழ்ப்பக்கம் பதித்துவிடுங்கள், துருத்தினால் சேற்றை உழும். தரையில் படும் 6 அடியில் 300 கிலோ வைத்தாலும் சதுர செ.மீ.க்கு 0.02 கிலோவுக்கும் குறைவான அழுத்தம்தான். 15 அடிக் கயிற்றில் கட்டினால் தொட்டி ஈரத்தில் இருக்க, வண்டி கெட்டித் தரையில் நின்று இழுக்கலாம். நிறுத்தி வைத்தால் சேறு கவ்விக்கொள்ளும். நேராக இழுக்காமல் வண்டியைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி அசைத்தால் விடும். ஏரிக்குள் மேடு, சரிவு இருந்தால் கயிற்றை எடுத்துவிட்டுக் குழாய்க் கம்பியால் இணையுங்கள். கயிறு பிரேக் பிடிக்காது, இறக்கத்தில் தொட்டி வந்து முதுகில் இடிக்கும்.

இனி வண்டி. ஃபோர் வீல் டிரைவ் இல்லாத ஏ.டி.வி.யை இந்த வேலைக்கு விலை கேட்கவே வேண்டாம். குழந்தைகளுக்கு 110, 125 சிசியில் வரும் சீன வண்டிகளும் அப்படியே. லோ கியர் தனியாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஏ.டி.வி.களில் கியர் பெல்ட்டால் தானாக மாறும். பாரத்தோடு ஹை கியரில் மெதுவாக ஊர்ந்தால் பெல்ட் சறுக்கிச் சூடாகிக் கருகும். இழுவை வேலை எல்லாமே லோ கியரில். தண்ணீரில் இறங்கி பெல்ட் நனைந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பெல்ட் மூடியின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, நியூட்ரலில் சில நிமிடம் எஞ்சினை ஓட்டிக் காயவிடுங்கள். அந்தத் திருகு எளிதில் கைக்கு எட்டுகிறதா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள்.

டயரில் ஒரு இஞ்ச் உயரக் கட்டையுள்ள மட் டயரைத்தான் எல்லோரும் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். ஏரிப் பொருக்குக்கு அது எதிரி. பொருக்கை உடைத்து, தோண்டிக்கொண்டே கீழே போகும். முக்கால் இஞ்ச் கட்டையுள்ள ஆல் டெரைன் டயர், முன்னே 25×8-12, பின்னே 25×10-12 போதும். ஆனால் 6 ப்ளை, அதாவது முள் தாங்கும் கனமான டயராகக் கேளுங்கள். சீமைக் கருவேல முள் இல்லாத ஏரி இந்தப் பக்கம் ஏது? டியூப்லெஸ் பிளக் கிட், 12 வோல்ட் காற்று பம்பு, 0 முதல் 10 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் மீட்டர், மூன்றும் வண்டியோடு இருக்கட்டும். பஞ்சர் கடை மீட்டரில் 5 பிஎஸ்ஐயும் 8 பிஎஸ்ஐயும் ஒன்றாகத்தான் தெரியும். காலையில் சரிபார்த்தால் போதும், சூடான டயரில் அளந்து காற்றை இறக்காதீர்கள். 4க்குக் கீழே போனால் பாரத்தோடு திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

வண்டியின் முன்னால் மாட்டும், மோட்டாரால் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் விஞ்ச் இல்லாமல் உளையில் இறங்கக் கூடாது. 2,500 பவுண்டு, அதாவது 1,130 கிலோ விஞ்ச் போதும். டிரம்மில் கயிறு அடுக்கு ஏற ஏற இழுவை குறையும், ஆகவே முடிந்த வரை கயிற்றை வெளியே விட்டு இழுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கொஞ்சம் இழுத்துக் கொஞ்சம் ஆறவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி படுத்துவிடும். விஞ்ச் கயிறு 15 மீட்டர் அளவில்தான் வரும், 30 மீட்டர் நீட்டிப்புக் கயிறு தனியாக வாங்குங்கள். ஏரி நடுவில் கட்ட மரம் இருக்காது. 5 அடிக் கடப்பாரை மூன்றை வரிசையாக, வண்டிக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, 3 அடி ஆழம் அடியுங்கள். முதல் கடப்பாரையின் தலையிலிருந்து இரண்டாவதின் அடிக்கு, இரண்டாவதின் தலையிலிருந்து மூன்றாவதின் அடிக்கு என்று இறுக்கிக் கட்டுங்கள். விஞ்ச் கயிறு முதல் கடப்பாரையின் அடியில். இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது, கயிற்றின்மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைக்க வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கிய நொடியே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். அங்கே விட்டால் விஞ்ச் பத்து நிமிட வேலை. அடிப்பாகம் சேற்றில் உட்காரும் வரை முறுக்கினால் மண்வெட்டி வேலை.

ஏரிக்கரையில் ஏற்ற ஆசைப்படாதீர்கள். கரைச் சரிவு 1:2 என்றாலே 26 டிகிரிக்கு மேல். பல கம்பெனிக் கையேடுகள் 25 டிகிரியோடு நிறுத்தச் சொல்கின்றன, சில 15லேயே. பின்னால் ஒரு ஆளை உட்காரவைத்து ஏறினால் முன்சக்கரம் தூக்கி மல்லாந்துவிடும். ஒருவர் ஓட்டும் வண்டியில் ஒருவர்தான், தலையில் ஹெல்மெட்டோடு. வழக்கமாக வண்டி இறங்கும் சரிவுப் பாதை எந்த ஏரிக்கும் ஒன்று இருக்கும், சுற்றினாலும் அதுவே வழி.

வேலை முடிந்ததும் கழுவுவதில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. ரேடியேட்டரைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக. பிரஷர் வாஷர் வைத்தால் துடுப்புகள் மடங்கும், அச்சு சீல்களுக்குள் சேற்றுத் தண்ணீர் ஏறும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் வேலூர் வெயிலில் லோ கியர் வேலை எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும். அச்சு மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். முள் குத்திய சின்ன ஓட்டை போதும், கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய் ஜாயிண்ட் கடகடக்கத் தொடங்கும். டிஃபரன்ஷியல் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். காய்ந்த ஏரிப் புழுதியில் ஓடிய நாளெல்லாம் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

தோப்பு வேலைக்கு வருவோம். மா, தென்னந்தோப்பில் உரமூட்டை, சொட்டுநீர்க் குழாய், தேங்காய் இழுக்க நன்றாக உதவும். 4 அடி அகலம் என்பதால் 6 அடி இடைவெளி விட்ட வாழையிலும் நுழையும். 100 லிட்டர் மருந்துத் தொட்டியைப் பின் தட்டில் வைக்காதீர்கள், தண்ணீரே 100 கிலோ. அதை இழுவையில் வையுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரி வயலில் வரப்போரம் வரைதான். உழவு ஆகாது. வழக்கமான ஏ.டி.வி.யில் பிடிஓ (கருவிகளைச் சுழற்றும் தண்டு) கிடையாது, ரோட்டாவேட்டர் மாட்ட முடியாது. உழவும் சேர்த்து ஒரே வண்டி என்று தேடுபவர்கள் மினி டிராக்டரோ பவர் டில்லரோ வாங்குவதுதான் சரி. அவற்றுக்கு வேளாண் பொறியியல் துறை மானியத்தையும் கேட்டுப் பார்க்கலாம். வருடத்தில் சில நாள் உழவுதான் என்றால் அதே துறையின் இணையவழி வாடகைச் சேவையான இ-வாடகையில் டிராக்டர் எடுத்துக்கொள்ளலாம்.

ஏ.டி.வி. பொதுவாக ஆர்.டி.ஓ.வில் பதிவாகாது. பதிவாகும் என்று விற்பவர் சொன்னால் அந்த மாடலுக்கான வகை ஒப்புதல் சான்றின் நகலைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பதிவு இல்லாத வண்டியை ஊர்ச் சாலையிலும் ஓட்டக் கூடாது, குட்டி யானையில் ஏற்றித்தான் போக வேண்டும். 7 அடி நீளச் சாய்தளம் இரண்டு செய்துகொள்ளுங்கள், குட்டையாக இருந்தால் ஏறும்போது வண்டி செங்குத்தாகிவிடும். உதிரிபாகத்துக்குச் சென்னையோ பெங்களூரோதான் என்றால் பெல்ட் ஒன்று, பூட் இரண்டு, ஃபில்டர் இரண்டை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். சீசன் நடுவில் பெல்ட் அறுந்தால் மீன் காத்திருக்காது.

பழைய வண்டி பார்க்கப் போனால் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரையும் பாருங்கள். 2,000 கிலோமீட்டர், 400 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். பாரம் இழுத்தே தேய்ந்த வண்டி அது. பெல்ட் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், கருகல் நாற்றம் வரும். முன்சக்கரங்களைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். கொக்கி பற்றவைத்த இடத்தில் பெயிண்ட் புதிதாக இருந்தால் சுரண்டிப் பாருங்கள், அடியில் விரிசல் இருக்கலாம். ஃபோர் வீல் சுவிட்சைப் போட்டு, சரளையில் மெதுவாக ஓட்டி, முன்சக்கரமும் மண்ணைப் பிடிக்கிறதா என்று பக்கத்தில் நடந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள்.