இரண்டு வலி

ஜூலை 19

ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடியும் வலி. இடது மார்பில் ஆரம்பித்துத் தோள் வழியாக முழங்கை வரை இறங்கியது. பிப்ரவரியில் அட்டாக் வந்து இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததோடு இந்தப் பயம் தீர்ந்தது என்று இருந்தேன். எழுந்து உட்கார்ந்ததும் மனைவியும் எழுந்துவிட்டாள்.

"எங்க வலிக்குது, தொட்டுக் காட்டுங்க."

ஒற்றை விரலை வைத்துக் காட்டினேன். அட்டாக் வந்த அன்றைக்கு அப்படிக் காட்ட முடியவில்லை. நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே கிடந்தேன். தாடை வரை இழுத்தது, சட்டை தொப்பலாக நனைந்தது. இன்றைக்கு வேர்க்கவே இல்லை. "அதெல்லாம் டாக்டர் சொல்லட்டும்" என்று அவள் 108-ஐக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜூலை 20

இ.சி.ஜி. நார்மல். ட்ரோபோனின் பார்க்க ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் அது ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்குமாம், அதனால் முதல் ரிசல்ட்டை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லையாம். ரெண்டாவதும் நார்மல்.

டாக்டரம்மா விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதே வலி, அச்சு அசலாக! என்ன வேலை என்று கேட்டார். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை என்றேன். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, இடது கையில் இடுக்கியைப் பிடித்தபடி பற்றவைக்கிற வேலை. அந்தத் தசையும் எலும்பும்தான் வலிக்கிறது என்றார். கூடவே ஒன்று சொன்னார்: வலி வந்தால் எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது, எதனால் நின்றது என்று எழுதி வையுங்கள்.

ஜூலை 23

பக்கத்துப் பட்டறை அண்ணன், "கொழுப்பு மாத்திரைதான் கையை வலிக்க வைக்குது, நிறுத்திப் பாரு" என்கிறார். ஸ்டேட்டின் என்கிற அந்தக் கொழுப்பு மாத்திரை சிலருக்குத் தசைவலி தரும் என்பது உண்மைதான். அதைக் கேட்கவேண்டிய இடம் டாக்டர். ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுகிற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் விஷயத்தில் யோசிக்கவே வேண்டியதில்லை. நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்து.

ஜூலை 27

ஏற்காட்டில் தங்கச்சி வீடு. ஆடிக்குக் கிடா வெட்டு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை, மேலே ஏதாவது ஆனால் எப்படி இறங்குவது என்பதே நினைப்பு. 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று மாப்பிள்ளை தைரியம் சொன்னார்.

எனக்கு ரசமும் சோறும்தான். ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அப்புறம் குளிர்காற்றில் வீட்டுக்கு மேட்டில் ஏறினோம். பாதி மேட்டில் நெஞ்சு இறுக்கியது. அழுத்திப் பார்த்தேன், அழுத்தினால் வலிக்கவில்லை. விரல் வைத்துக் காட்டவும் முடியவில்லை. கல்லில் உட்கார்ந்து, நெஞ்சுவலிக்குக் கொடுத்திருந்த சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்தேன். ஐந்து நிமிஷத்துக்குள் விட்டது, தலைவலி வந்தது. உட்கார்ந்தபடிதான் போடணும், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் என்று சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று.

"கேஸா இருக்கும் மாமா" என்றார் மாப்பிள்ளை. அவள் அதற்குள் வண்டிக்குச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 28

வார்டில் இருந்து எழுதுகிறேன். டாக்டரம்மா இந்த நோட்டை வரி விடாமல் படித்தார். 19-ஆம் தேதி வலியும் நேற்றைய வலியும் வேறு வேறு என்றார். நடந்தால் வந்து, நின்றால் போகிற வலிக்கு, ஓய்வாகப் படுத்து எடுக்கிற இ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் பதில் ஆகாது. ஸ்டென்டுக்குள்ளேயே மறுபடி சுருங்கியிருக்கலாம், வேறு குழாயிலும் இருக்கலாம். நாளை காலை ஆஞ்சியோகிராம், போன தடவை மாதிரி மணிக்கட்டு வழியாகத்தான்.

பயமாகத்தான் இருக்கிறது. கைவசம் இருக்கிற ஆர்டரை மச்சானிடம் ஒப்படைத்தாயிற்று. சர்க்கரை மாத்திரையைக் காலையில் போடலாமா என்று நர்ஸிடம் கேட்க அவள் போயிருக்கிறாள்.