சிக்னலில் ஆஃப், ஏற்காட்டில் சரி

எங்கள் வீட்டு மாருதி 800, 1998 மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி; காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கையால்தான் இழுக்க வேண்டும். அதற்கு ஒரே சமயத்தில் இரண்டு தொல்லை வந்து சேர்ந்தது. காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. ஒருவழியாகப் பிடித்தாலும் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, நிற்காது. சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் ஸ்டியரிங், கியர் லீவர், டேஷ்போர்டு எல்லாம் நடுங்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப். பின்னால் நிற்கிற டவுன் பஸ் அடிக்கும் ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. பைபாஸில் அறுபது எழுபதில் மிஸ்ஸிங் இல்லாமல் போகும். நின்றால்தான் வம்பு.

முதலில் காட்டிய ஒர்க்ஷாப்பில் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்குரூவைத் திருகி ஏற்றி வைத்து அனுப்பினார்கள். காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்ட மாதிரிதான் அது. கொஞ்ச நாள் உறுமிக்கொண்டு நின்றது, அப்புறம் பழையபடி. மறுபடி போனால், “கார்புரேட்டரே போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். எது கெட்டது என்று காட்டச் சொன்னேன், காட்டவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு காதுகுத்துக்காக ஏற்காடு போக வேண்டியிருந்தது. வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தோடுதான் அடிவாரத்தைத் தாண்டினேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நிறுத்தினால், எஞ்சின் ஆஃப் ஆகாமல் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது! நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. சாயங்காலம் இறங்கிக் கோரிமேடு வந்ததும் திரும்ப அதே ஆட்டம்.

கோரிமேட்டுப் பக்கம் மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். கேட்டதும் அவர் பானட்டைத் திறக்கக்கூட இல்லை.

“மேல நல்லா நிக்குது, கீழ நடுங்குது. அப்படித்தானே?”

“ஆமாங்கண்ணா.”

“சோக்கைக் கொஞ்சம் இழுத்து வெச்சா?”

“அப்பவும் பரவாயில்லைங்க.”

“அப்ப பெட்ரோல் பத்தலைங்க தம்பி. எங்கயோ திருட்டுக் காத்து நுழையுது.”

எனக்கு அங்கேதான் விஷயம் விளங்கியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கார்புரேட்டருக்கு இதைக் கணக்குப் பார்க்கத் தெரியாது, அதனால் கலவையில் பெட்ரோல் தூக்கலாகிவிடும். நல்ல நிலையில் இருக்கிற கார்புரேட்டர் வண்டி மலையில் கொஞ்சம் மந்தமாகத்தான் ஆக வேண்டும். எங்கள் வண்டி அங்கே போய்த் தேறியது என்றால், கீழே அது பெட்ரோலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளையாக வெளுத்திருந்தது. பெட்ரோல் அதிகமாகியிருந்தால் கரி பிடித்துக் கறுத்திருக்கும். புது பிளக்கிலேயே இதைப் பார்த்திருக்கலாம். அந்த ஒர்க்ஷாப்பில் யாரும் பார்க்கவில்லை.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் இதே பக்கம்தான், அதாவது பெட்ரோல் பத்தாத பக்கம்தான் இழுக்கும். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பழைய அளவுக்குத் துளை போட்ட ஜெட்டில், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் முனையில், எத்தனால் கலந்த பெட்ரோல் போனால் கலவை இன்னும் மெலியும். அதுவே வண்டியை ஆஃப் ஆக்காது. ஏற்கெனவே லீக் இருக்கிற வண்டிக்கு அதுவும் ஒரு பாரம்.

அவர் வேலை பார்த்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. சாவியைப் போட்டதும் கார்புரேட்டரில் உள்ள சோலனாய்டு (கரண்டில் திறந்து மூடும் சின்ன வால்வு) ‘டிக்’ என்கிறதா என்று காதை வைத்தார். அது வேலை செய்யாவிட்டால் ஐடிலிங்குக்குப் பெட்ரோலே வராது. சத்தம் வந்தது. அடுத்து, ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை, ஷாக் அடிக்காதபடி உறை போட்ட பிளேயரால் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மாட்டினார். எதை எடுத்தாலும் எஞ்சின் ஒரே மாதிரி தொய்ந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் அதன் ஒயரை எடுக்கும்போது மாற்றம் தெரிந்திருக்காது. ஆக மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு.

அப்புறம் ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, வாக்குவம் ஓஸ்கள், கார்புரேட்டரின் அடிப்பக்கம், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் ஓரம் என்று சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். சிலர் இதற்கு ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், தண்ணீரே போதும் என்றார். கார்புரேட்டர் அடியில், எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தடுப்புப் பக்க மூலையில் விட்டபோது சொட்டு கீழே வழியவில்லை. ‘சர்’ரென்று உள்ளே போனது, எஞ்சின் ஒரு தடவை விக்கியது.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில், எஞ்சின் சூடு மேலே ஏறாமல் இருக்க ஒரு கறுப்பு பேக்கலைட் கட்டை இருக்கும். கழற்றி எடுத்து அதன் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒளிக்கீற்று. ஒவ்வொரு தடவை கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும்போதும் நட்டை இறுக்கி இறுக்கிக் கட்டை வளைந்துவிட்டது. ஐடிலிங்கில், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் பலமாக இருக்கும். அந்தக் கீற்று வழியே வரும் காற்றே கலவையைக் கெடுக்கப் போதும். வேகத்தில் போகும்போது உள்ளே போகிற மொத்தக் காற்றில் அது ஒரு கணக்கே இல்லை.

கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து அந்தக் கட்டையைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினார். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்பேர்ஸ் கடையில் காற்று கசியாமல் நடுவில் வைக்கும் புது பேக்கிங் இரண்டு வாங்கி வந்தேன். மாட்டியதும் எஞ்சின் அலறியது, ஏனென்றால் ஏற்றி வைத்த ஐடில் ஸ்குரூ அப்படியே இருந்தது. அதை இறக்கி, ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்குரூவை மெதுவாகத் திருகி, எஞ்சின் எங்கே சீராக ஓடுகிறதோ அங்கே நிறுத்தினார். டேஷ்போர்டு மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துக் காட்டினார். தண்ணீர் லேசாக அலைந்தது, பாட்டில் நகரவில்லை. மூன்று சிலிண்டருக்கு அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். ஏற்காட்டில் இப்போது கொஞ்சம் மந்தம் தெரிகிறது. அதற்காக நான் அங்கே ஸ்குரூவைத் தொடுவதில்லை.

காலைத் தொல்லை மட்டும் தீரவில்லை, குறிப்பாக ஒரு நாள் விட்டு எடுத்தால். அதற்கு அவர் சொன்ன சோதனையை வீட்டிலேயே செய்யலாம். செல்ஃப் அடிப்பதற்கு முன் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, த்ராட்டில் லீவரைக் கையால் இழுத்துக்கொண்டே உள்ளே பார்க்க வேண்டும். பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. எங்கள் வண்டியில் இரண்டு துளி வந்து நின்றுவிட்டது. சேலத்து வெயிலில் கொஞ்சம் ஆவியாவது சகஜம்தான், ஆனால் டேங்கிலிருந்து வரும் லைனில் பெட்ரோல் நின்றால் நாலு சுற்றில் நிரம்பிவிட வேண்டும்.

மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவர் பம்புக்கு வரும் ஓஸைக் கழற்றிவிட்டு, வேறு ஓஸ் போட்டு ஒரு பாட்டில் பெட்ரோலில் நேராக விட்டார். உடனே ஸ்டார்ட். பம்ப் குற்றவாளி இல்லை. பின்னால் டேங்க் அருகே இரும்புக் குழாயோடு சேரும் ரப்பர் ஓஸ்தான். அதை வளைத்ததும் உள்பக்கம் வரை பொடிப் பொடியாக வெடிப்பு. உறிஞ்சுகிற பக்கம் என்பதால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ராத்திரியில் லைனில் இருக்கிற பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடும். அதனால்தான் வண்டிக்கு அடியில் ஒரு ஈரமும் தெரியவில்லை, பெட்ரோல் வாடையும் வரவில்லை. எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் ஓஸாகக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் இரண்டு இடத்திலும் புது கிளாம்ப்போடு மாற்றினோம். இப்போது காலையில் சோக்கை முழுதும் இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடித்தால் போதும்.