மோதிரத்தைக் கழட்டிட்டு வாங்கண்ணா

ஓசூரில் பதினேழு வருடம் இன்ஜினுக்குள் போகும் கனெக்டிங் ராடில் துளை குடையும் போரிங் வேலை செய்த ஆள் நான். டூல் தேய்ந்துவிட்டதா என்று அளந்து பார்க்கும் முன்பே மெஷின் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். 2022-ல் எங்கள் கம்பெனி மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி பேக் போடும் லைன் ஆரம்பித்து என்னையும் அங்கே மாற்றினார்கள். முதல் நாள் வாசலிலேயே, டிப்ளமோ முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பெண், "மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிட்டு வாங்கண்ணா" என்றது. பழைய லைனிலும் மோதிரம் கூடாதுதான், யார் கேட்டது?

கனெக்டிங் ராடு ரேக்கில் அது பாட்டுக்குக் கிடக்கும். பேட்டரி பேக்குக்குள் அடுக்கும் செல் அப்படியில்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே அதில் சார்ஜ் இருக்கிறது, அணைத்து வைக்க சுவிட்ச் கிடையாது. தொடராகப் பதினான்கு சேர்த்தால் ஏறக்குறைய 52 வோல்ட். வீட்டுக் கரண்டே 230, இது என்ன என்று அலட்சியமாக இருந்தேன். இரண்டாவது வாரம், உறை போடாத என் பழைய ஸ்பேனர் நழுவி இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டது. ஷாக் அடிக்கவில்லை. பளிச்சென்று ஒரு வெளிச்சம், ஸ்பேனர் நுனி உருகிப்போயிருந்தது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் என்று அப்புறம்தான் புரிந்தது. நான் மரம் மாதிரி நிற்க, அந்தப் பெண்தான் பேக்கைத் தள்ளுவண்டியோடு வெளியே மணல் தொட்டிப் பக்கம் கொண்டுபோனது.

அந்த வருடம் நாட்டில் அங்கங்கே மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன, அடுத்து பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் இறுகின, சோதனைகள் கூடின. 2023 ஜூனில் இந்த வண்டிகளுக்கான அரசு மானிய உச்சவரம்பு வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 ஆனதும் ஆர்டர் சரிந்தது, முதலில் வீட்டுக்குப் போனது கான்ட்ராக்ட் பிள்ளைகள்தான். 2025-ல் சீனா மோட்டாருக்கான காந்த ஏற்றுமதியை இறுக்கியபோது மோட்டார் வராமல் நாங்கள் போட்ட பேக்குகள் அடுக்கிலேயே நின்றன.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது காதுக்கு வேலை இல்லாமல் போனதுதான். வெல்டு பிடித்ததா என்று மில்லிஓம் மீட்டர் சொல்கிறது, நீர் புகுமா என்று காற்றழுத்தச் சோதனை சொல்கிறது, நான் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறேன்.

பழைய ஷெட் இன்னும் இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறது. 2024-25-லும் நாட்டில் விற்ற இருசக்கர வண்டி நூற்றில் ஆறுதான் மின்சாரம். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போவேன். போன வாரம் ஒரு மெஷின் அருகே நின்று, "தம்பி, இன்செர்ட் போச்சு" என்றேன். பையன் நம்பவில்லை. கேஜ் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தேய்ந்த வெட்டுமுனையை மாற்றினான்.