ஆடியோகிராம் நார்மல், ஆனாலும் கூட்டத்தில் பேச்சு புரியவில்லை: டர்பனில் நான் செய்துகொண்ட சோதனைகள்

அமைதியான அறையில் எல்லாம் தெளிவாகக் கேட்கும், பத்துப் பேர் பேசுகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதுகூடப் புரியாது. உங்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்து, "காது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். தகரக்கூரை போட்ட மண்டபம், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கும். முன்வரிசைப் பிள்ளை கேட்கிற கேள்வியே பிடிபடாமல் போக ஆரம்பித்ததும் டாக்டரிடம் போனேன். எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதில் விழுகிறது என்று பார்க்கும் ஆடியோகிராமில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எல்லாம் 20 டெசிபலுக்குள்தான் இருந்தது, அதாவது நார்மல். களைப்பாக இருக்கும், ஓய்வெடுங்கள் என்றார். என் மனம் ஒப்பவில்லை. அந்தச் சோதனை வெளிச்சத்தம் புகாத அறையில் நடக்கிறது, எனக்குத் தொல்லையே சத்தம் இருக்கும்போதுதான்.

அப்புறம் ஹியர் இஸட் ஏ என்ற செயலியில் சோதித்துப் பார்த்தேன். 2016இல் தென்னாப்பிரிக்காவில் வந்த செயலி இது. பின்னணி இரைச்சலோடு மூன்று மூன்று எண்களாகச் சொல்லும், காதில் விழுந்ததை அழுத்த வேண்டும். என்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு இது மிகவும் பொருத்தம். உள்ளூர் ஆங்கில உச்சரிப்பில் சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னால், காது தவறியதா மொழி தவறியதா என்று பிரிக்க முடியாது. எண்கள் எல்லோருக்கும் பழக்கம். எனக்கு மதிப்பெண் குறைவாகவே வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆடியாலஜிஸ்டை, அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரைப் பார்த்தேன்.

பேத்தி வயசிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டு ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினாள். முதலில் செவிப்பறையும் நடுச்செவியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். பிறகு மெல்லிய ரப்பர் முனையைக் காதுக்குள் வைத்து 'டிக் டிக்' என்று ஒலியை அனுப்பினாள். அதற்குப் பதிலாகக் காதே மிக மெல்லிய ஒலியை எழுப்புமாம்! 1978இல் டேவிட் கெம்ப் என்பவர் கண்டுபிடித்தது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய செல்களுக்கு மயிர்ச்செல்கள் என்று பெயர். ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 12,000 வெளி மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அவை ஒலிக்கேற்ப நீண்டு சுருங்கி, சன்னமான ஒலியைப் பெருக்கி, சுமார் 3,500 உள் மயிர்ச்செல்களுக்குக் கொடுக்கின்றன. மூளைக்குச் செய்தி போவது பெரும்பாலும் இந்த உள் செல்களிடமிருந்துதான்.

நான் அதுவரை அறியாதது இதற்கு அடுத்த பகுதி. மூளையிலிருந்து காதுக்கும் நரம்புகள் வருகின்றன. மூளைத்தண்டில் மேல் ஆலிவ் என்ற பகுதியிலிருந்து கிளம்பும் இந்த நரம்புக்கற்றையை 1946இல் ராஸ்முசன் என்ற ஆய்வாளர் விவரித்தார். இதன் ஒரு பிரிவு வெளி மயிர்ச்செல்களின் அடியில் போய் முடிந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. அதனால் செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, செல்லின் பெருக்கும் வேலை தணிகிறது. விடாமல் ஒலிக்கும் இரைச்சலுக்குக் காது நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பது குறைவதால், இடையில் வரும் பேச்சுக்குப் பதில் கொடுக்க அதற்கு இடம் கிடைக்கிறது. கவனம் செலுத்தும்போது மேல் மூளையும் இந்தக் கற்றையின் வழியாகவே காதை எட்டுகிறது என்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு காது எழுப்பும் அந்த மெல்லிய ஒலியை அளந்துகொண்டே மறு காதில் மிதமான இரைச்சலைக் கொடுப்பார்கள். மூளைத்தண்டு வழியாகச் செய்தி சுற்றி வந்து, அளக்கும் காதின் ஒலி கொஞ்சம் தணிய வேண்டும், பெரும்பாலும் ஓரிரு டெசிபல்தான். இரைச்சலை அதிகமாக வைத்தால் நடுச்செவித் தசை இறுகிக் கணக்கைக் கெடுத்துவிடும். அசையவும் கூடாது, தூங்கவும் கூடாது. எனக்கு அரை டெசிபல்கூடத் தணியவில்லை.

ஆனால் இதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும், இத்தனைக்குக் கீழே என்றால் கோளாறு என்ற எல்லையும் இல்லை என்று அவள் அழுத்திச் சொன்னாள். செயலியின் மதிப்பெண், இரைச்சலில் பேச்சுச் சோதனை, என் வகுப்பு அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்தாள். எல்லா இடங்களிலும் இந்தச் சோதனையைச் செய்வதில்லை, மெடிக்கல் எய்டு (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) பணம் கொடுக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். என் திட்டத்தில் கொடுக்கவில்லை.

அந்த முடிவின்படி இப்போது பேசுபவர் கையில் சிறிய மைக், அந்தப் பேச்சை வாங்கித் தரும் ரிசீவர் என் காதில். பிள்ளைகள் மைக்கைக் கைமாற்றிக் கேள்வி கேட்கிறார்கள், கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது பேசுகிறார்கள். காவடி நாட்களில் தவிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது காதடைப்பான் போட்டுக்கொள்கிறேன். விலங்குகளில் செய்த ஆய்வுகளில், இந்த நரம்பின் செயல் வலுவாக இருந்தவற்றின் காதுகளைப் பேரிரைச்சல் குறைவாகவே பாதித்திருக்கிறது. எனக்கு அது வலுவாக இல்லை என்றால் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் இந்த மைக்கோடு பழகிய பிறகு மறுபடி சோதிக்கலாம் என்று அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் சொல்லியிருக்கிறாள்.