தம்பலகாமத்துப் பிட்டு

திருகோணமலைக்குப் போவது இது நாலாவது தடவை. முந்தின மூன்று தடவையும் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல் என்று சுற்றிவிட்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். இந்த முறை மாசி மாதம். "அருவிவெட்டு நேரம், பெரியம்மா வீட்டுக்கு வா" என்று நெல் அறுவடைக்கு நண்பன் கூப்பிட்டான். வீடு தம்பலகாமத்தில்.

நகரத்திலிருந்து கண்டி வீதியில் இருபது கிலோமீற்றருக்கு மேல் போய் உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் வயல். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள். அந்தக் குளத்தைக் குளக்கோட்டன் என்ற அரசன் கட்டினான் என்றும், கோணேசருக்கு இங்கிருந்து நெல் போனது என்றும் ஊரில் கதை உண்டு. நாங்கள் போனபோது வெட்டு மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

பெரியம்மாவின் இரண்டு ஏக்கரிலும் மெஷின் இறங்கியிருந்தது. ஆனால் வாய்க்கால் ஓரத்தில் அரை ஏக்கர் துண்டில் மட்டும் நாலு பெண்கள் குனிந்து அரிவாளால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அது பச்சைப்பெருமாள் என்ற பழைய நெல். மெஷின் வயலுக்கு வயல் போவதால் முந்தின வயலின் மணிகள் அதற்குள் தங்கி, இந்த நெல்லோடு கலந்துவிடும். கலந்தால் விதைக்கு உதவாது. அதனால்தான் கைவெட்டு. வெட்டுக்கு முன்பே பெரியம்மா வயலின் நடுவில் நல்ல கதிர்களாகத் தெரிந்து தனியாக எடுத்துவிடுகிறார். அவை அடுப்படிக் கூரையில் வேப்பிலையோடு கட்டித் தொங்குகின்றன.

"சந்தைக்கு அந்த ரெண்டு ஏக்கர். இது பிட்டுக்கு" என்றார்.

போன வருட நெல்லை இடித்து வறுத்த சிவப்பு மா. கொதிநீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறினார். பிறகு ஒரு தகரச் சுண்டின் விளிம்பால் கொத்தக் கொத்த, மா சின்னச் சின்ன மணிகளாக உதிர்ந்தது. தேங்காய்ப்பூ கலந்து, பனையோலை நீத்துப்பெட்டியில் நிரப்பிப் பானை வாயில் வைத்தார். ஆவி வந்ததும் முதலில் ஓலை வாசனை, அப்புறம் வறுத்த அரிசியின் வாசனை. முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, சட்டியில் உறைந்த எருமைத்தயிர். தங்கிய விடுதியில் அன்று காலை கிடைத்தது பாணும் ஜாமும். சுற்றிவர இவ்வளவு வயல் இருக்கும் ஊரில் அது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

பச்சைப்பெருமாள் உயரமாக வளரும். யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும். எனவே அந்தத் துண்டுக்கு மாட்டெரு மட்டும்தான். விளைச்சல் புது இனத்தில் பாதிதான் என்றார். 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை வந்து, நவம்பரில் விலக்கப்பட்டதே, அந்தப் பெரும்போகத்தில் இரண்டு ஏக்கரும் கைவிட்டது. இந்தத் துண்டு வழக்கம்போலத் தந்தது. அடுத்த வருடம் கோதுமை மா விலை ஏறியபோதும் வீட்டில் பிட்டு நிற்கவில்லை.

இதை வைத்து எல்லாரும் பழைய நெல்லுக்கு மாறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கடன் வாங்கி விதைக்கிறவரிடம் பாதி விளைச்சலைக் கேட்க முடியாது. ஆனால் வீட்டுப் பானைக்கென்று ஒரு துண்டு விடலாம். இந்த நெல் இவ்வளவு காலம் பிழைத்திருப்பது இந்த அடுப்பில் அதற்கு வேலை இருந்ததால்தான். பிட்டு அவிப்பது நின்றிருந்தால் விதையும் என்றைக்கோ போயிருக்கும்.

புறப்படும்போது ஒரு பிடி விதைநெல் கேட்டேன். பெரியம்மா மறுத்துத் தலையாட்டினார்.

"உங்களுக்கு வயல் இருக்கா தம்பி?"

இல்லை என்றேன்.

"அப்ப மா கொண்டு போங்க. விதை, விதைக்கிற ஆளுக்குத்தான்."

கிண்ணியாவிலிருந்து ஒருவர் ஒரு புசல் விதைநெல் கேட்டிருக்கிறாராம். அடுத்த வெட்டு முடிய இரண்டாகத் திருப்பித் தருவது பேச்சு. அந்தச் சாக்கு திண்ணையில் வாய் கட்டி இருந்தது. இரண்டு கிலோ மாவை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.